சென்னை முதல் சிங்கப்பூர் வரை: விமானத் தொலைவையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

"சிங்கப்பூருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால் என்னிடம் நான்கு பதில்கள் இருக்கின்றன. சென்னையில் ஓடுபாதையை விட்டு எழும்பிய விமானம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் தரை தொடுவதற்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். டிக்கெட்டின்படி பயண நேரம் நான்கு மணி இருபது நிமிடத்தை ஒட்டி இருக்கும். இறங்கியதும் அங்குள்ள சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் ஏழு மணி நேரம் கழிந்ததுபோல் தெரியும். கும்பகோணத்தில் வீட்டைப் பூட்டியது முதல் சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் மகள் வீட்டு வாசலை மிதிப்பது வரை எண்ணினால் பதினாறு மணி நேரம்கூட ஆகலாம்.

நான்கும் உண்மைதான். எதற்கு எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது தெரியாததால்தான் இணைப்பு விமானத்தைத் தவறவிடுகிறோம்; அழைக்க வந்தவர்களை நள்ளிரவில் காக்க வைக்கிறோம். பல ஆண்டுகளாக உறவினர்களுக்கு டிக்கெட் எடுத்துத் தருபவன் என்ற முறையில், நான் கணக்குப் போடும் வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். சென்னை–சிங்கப்பூரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். நீங்கள் எந்த இரு ஊர்களுக்கும் இதையே செய்து பார்க்கலாம்.

படி 1: எந்த விமான நிலையம்?

ஊரின் பெயர் மட்டும் போதாது. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. சென்னைக்கு எம்.ஏ.ஏ.; மெட்ராஸ் என்ற பெயர் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருச்சிக்கு டி.ஆர்.இசட்., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., கோவைக்கு சி.ஜே.பி., சாங்கிக்கு எஸ்.ஐ.என். தேடும்போது ஊர்ப் பெயருக்குப் பதிலாக இந்தக் குறியீட்டையே இடுங்கள். ஹைதராபாத் என்ற பெயரில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் ஒரு நகரமும் விமான நிலையமும் இருக்கின்றன. லண்டனில் ஹீத்ரோ, கேட்விக் எனப் பல நிலையங்கள் உண்டு. பாங்காக்கில் சுவர்ணபூமி ஒரு மூலையில், டான் முவாங் வேறொரு மூலையில். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டியிருந்தால், நகர நெரிசலைக் கடக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

படி 2: அட்சரேகையும் தீர்க்கரேகையும்

கைபேசியில் கூகுள் வரைபடத்தைத் திறந்து, ஓடுபாதையின் நடுவே விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் தோன்றும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது எண் தீர்க்கரேகை.

சென்னை: வடக்கு 12.99 டிகிரி, கிழக்கு 80.17 டிகிரி
சாங்கி: வடக்கு 1.36 டிகிரி, கிழக்கு 103.99 டிகிரி

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தாலும் கிரீன்விச்சுக்கு மேற்கே இருந்தாலும் எண்ணுக்கு முன் கழித்தல் குறி போட வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: சில இடங்களில் 12 டிகிரி 59 நிமிடம் என்று எழுதியிருப்பார்கள். அதை 12.59 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 59-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும்; 12.98 என்று வரும். இதைக் கவனிக்காமல் விட்டால் சென்னை விமான நிலையம் 40 கி.மீ.க்கு மேல் தெற்கே நகர்ந்துவிடும்.

படி 3: தொலைவு

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். முதலில் மிக எளிதான ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் வடக்கு 9.79, கிழக்கு 80.07 டிகிரியில் இருக்கிறது. அதன் தீர்க்கரேகை கிட்டத்தட்ட சென்னையின் தீர்க்கரேகையேதான். அதாவது, சென்னைக்கு நேர் தெற்கே பலாலி. அட்சரேகை வித்தியாசம் 3.2 டிகிரி. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ.; அதிலிருந்து சுற்றளவைக் கண்டு 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. வரும். 3.2-ஐ 111.2-ஆல் பெருக்கினால் 356 கி.மீ. இவ்வளவுதான்! இந்த 356 கி.மீ.க்கு நேரடி விமானம் இல்லாமல் கொழும்பைச் சுற்றிப் போன காலம் நீண்டது. பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து விமானம் அங்கே இறங்கிய நாள் 2019 அக்டோபர் 17.

சிங்கப்பூர் நேர் தெற்கே இல்லை, தென்கிழக்கே இருக்கிறது. அதற்குப் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் உதவும். தெற்கு நோக்கிய வித்தியாசம் 11.63 டிகிரி, அதாவது 1,293 கி.மீ. கிழக்கு நோக்கிய வித்தியாசம் 23.82 டிகிரி. ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக ஒன்றையொன்று நெருங்குவதால், இந்த வித்தியாசத்தை 111.2-ஆல் பெருக்கிய பின், இரு ஊர்களுக்கும் நடுவிலுள்ள அட்சரேகையின் காஸ் (cos, பள்ளித் திரிகோணவியலில் வரும் கோசைன்) மதிப்பாலும் பெருக்க வேண்டும். நடு அட்சரேகை 7.2 டிகிரி, காஸ் மதிப்பு 0.992. விடை 2,628 கி.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,929 கி.மீ.

இனி, பூமியை உருண்டையாகவே வைத்துக்கொண்டு போடும் சரியான கணக்கு:

காஸ்(கோணம்) = சைன்(முதல் அட்சரேகை) × சைன்(இரண்டாம் அட்சரேகை) + காஸ்(முதல் அட்சரேகை) × காஸ்(இரண்டாம் அட்சரேகை) × காஸ்(தீர்க்கரேகை வித்தியாசம்)

கைபேசியைப் படுக்கை வாட்டில் திருப்பினால் கணிப்பானில் சைன், காஸ் பொத்தான்கள் தெரியும். அது ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) இல்லாமல் டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விடை அபத்தமாக வந்தால் பத்தில் ஒன்பது முறை காரணம் அதுதான். எண்களைப் போட்டால்:

0.2248 × 0.0237 + 0.9744 × 0.9997 × 0.9148 = 0.8965

இதற்குக் காஸின் நேர்மாறு எடுத்தால் (அந்தப் பொத்தானில் காஸுக்கு மேல் சிறியதாக −1 இருக்கும்) 26.30 டிகிரி. 111.2-ஆல் பெருக்கினால் 2,925 கி.மீ. அதே 26.30-ஐ 60-ஆல் பெருக்கினால் 1,578 கடல் மைல். விமானிகள் பேசும் அலகு அது. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

பிதாகரஸ் முறைக்கும் இதற்கும் 4 கி.மீ.தான் வித்தியாசம். பூமத்திய ரேகையை ஒட்டிய நம் பகுதியில் நடுத்தரத் தொலைவுகளுக்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஆனால் அதை நம்பி லண்டனுக்குப் போக முடியாது. சென்னை–ஹீத்ரோவுக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தேன். பிதாகரஸ் 8,707 கி.மீ. என்கிறது, உருண்டைக் கணக்கு 8,234 கி.மீ. என்கிறது. 470 கி.மீ.க்கு மேல் பிசகு! தொலைவு கூடக் கூட, வடக்கே ஏற ஏற, பூமியின் வளைவு தன்னைக் காட்டிவிடுகிறது.

படி 4: கோட்டை வரைந்து பாருங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. உருண்டை வடிவ உலகக் கோளம் ஒன்றும் ஒரு முழ நூலும் கிடைத்தால் போதும். நூலின் ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையைச் சிங்கப்பூரிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் படியும் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையே அதைவிடக் குறுகிய பாதை கிடையாது.

சென்னையிலிருந்து அந்த நூல் வங்கக் கடலைக் கடந்து, கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையை ஒட்டிச் சென்று, சுமத்ராவின் வடமுனையைத் தொட்டு, மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூருக்குப் போகிறது. முதன்முறை இதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, கடல் கடந்து வென்ற இடங்களாக மாநக்கவாரத்தையும் இலாமுரிதேசத்தையும் கடாரத்தையும் சொல்கிறது. நக்கவாரம் இன்றைய நிக்கோபார். இலாமுரி சுமத்ராவின் வடகோடி. கடாரம் மலாக்கா நீரிணைக்கு அப்பாலுள்ள இன்றைய கெடா. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழர் கப்பல்கள் சென்ற அதே கடல்வெளிக்கு மேலேதான் நாம் சன்னலோர இருக்கையில் அமர்ந்து போகிறோம்.

லண்டனுக்கு நூல் பிடித்தால் வேறு கதை. தட்டையான சுவர் வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டால் அது சிரியாவின் மேல் போகும். கோளத்தில் நூலோ பாகிஸ்தானின் தென்பகுதி, ஈரான், காஸ்பியன் கடல், கருங்கடலின் வடகிழக்கு, உக்ரைன் என்று வளைகிறது. இரண்டுக்கும் நடுவே சில இடங்களில் ஏறத்தாழ ஆயிரம் கி.மீ. இடைவெளி. "விமானம் ஏன் இப்படிச் சுற்றிப் போகிறது?" என்று இருக்கைத் திரையைப் பார்த்துக் கேட்பவர்களுக்கு இதுதான் பதில். விமானம் சுற்றவில்லை. வரைபடம்தான் உருண்டையைத் தட்டையாக்கியதில் கோட்டை வளைத்துவிட்டது.

படி 5: உண்மையில் பறக்கும் தொலைவு

பெருவட்டப் பாதை கணக்குக்கு உரியது. வானில் விமானங்கள் வரையறுத்த வழித்தடங்களில் போகின்றன. அதோடு, புறப்படும்போது காற்றின் திசைக்கேற்ப ஓடுபாதை அமையும். சென்னையின் பிரதான ஓடுபாதையில் கடலை நோக்கி, அதாவது கிழக்கே எழும்பினால் சிங்கப்பூர் விமானத்துக்கு வழி நேர். மேற்கே எழும்பினால் திரும்பி வர வேண்டும். இறங்கும்போது நெரிசல் இருந்தால் வரிசையில் நிற்பதுபோல் வானில் வட்டமிட வேண்டியும் வரலாம். இவற்றுக்கெல்லாம் சேர்த்து நான் 3 சதவீதம் கூட்டிக்கொள்கிறேன். 2,925 கி.மீ. என்பது ஏறத்தாழ 3,010 ஆகிறது.

வங்கக் கடலின் மேல் இந்த 3 சதவீதம் போதும். எல்லா இடங்களிலும் போதாது. மேலே சொன்ன லண்டன் நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு 2025 ஏப்ரலில் மூடியது. நூல் போகும் பாதையில் விமானம் போக முடியாமல் ஆனது. ரஷ்ய வான்வெளி 2022-இல் மூடப்பட்டபோது, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஃபின்ஏர் (பின்லாந்து விமான நிறுவனம்) விமானத்தின் பயணம் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. இரு ஊர்களுக்கும் இடையே தொலைவு ஒரு மீட்டர்கூட மாறவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அதனால், பழைய பயண நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளங்களில் உங்கள் விமான எண்ணை இட்டு, கடந்த சில நாள்களில் அது எந்த வழியாக, எவ்வளவு நேரம் பறந்தது என்று பாருங்கள். ஒரே நாளை நம்பாமல் நான்கைந்து நாள்களைப் பார்ப்பது நல்லது.

படி 6: வேகம்

எந்த வகை விமானம் என்பது டிக்கெட் எடுக்கும் பக்கத்திலேயே இருக்கும். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் 35,000 அடி உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகின்றன. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரிய விமானங்கள் 900 கி.மீ. சென்னை–யாழ்ப்பாணம் வழித்தடத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 சுழல்விசிறி விமானத்துக்கு 500 கி.மீ.

ஏ320-க்குக் கணக்குப் போடுவோம். 3,010-ஐ 830-ஆல் வகுத்தால் 3.63 மணி, அதாவது 3 மணி 38 நிமிடம். இங்கே ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். விமானம் எடுத்த எடுப்பில் 830-இல் போவதில்லை. மேலே ஏற இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். இறங்கும்போதும் 35,000 அடியிலிருந்து படிப்படியாகத் தாழ்வதற்குச் சேருமிடத்துக்கு 200 கி.மீ. முன்பே தொடங்கிவிடும். இரண்டு கட்டங்களிலும் வேகம் குறைவு. இதற்காகப் பொதுவாக 15 முதல் 20 நிமிடம் கூட்டுகிறேன். ஆக, வானில் இருக்கும் நேரம் 3 மணி 55 நிமிடம். பெரிய விமானமாக இருந்தால் கால் மணி நேரம் குறையும். பயண தூரம் நீளும்போதுதான் அந்த வேக வித்தியாசத்தின் பலன் நன்றாகத் தெரியும்.

குறுகிய பயணத்தில் நிலைமை தலைகீழ். யாழ்ப்பாணத்துக்கு 356 கி.மீ.; ஏ.டி.ஆர். வேகத்தில் 43 நிமிடம். ஆனால் ஏறுவது, இறங்குவது, தரையில் ஊர்வது எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரத்தைத் தொட்டுவிடும். பறந்த நேரத்தில் முக்கால் பங்குக்கு நிகரான நேரம் மற்ற வேலைகளுக்கே போகிறது.

படி 7: காற்று

விமானத்துக்குக் காற்று என்பது ஆற்றில் ஓடும் படகுக்கு நீரோட்டம் போன்றது. பின்னாலிருந்து தள்ளினால் தரையைப் பொறுத்த வேகம் கூடும்; எதிரே வந்தால் குறையும்.

ஜூலை மாதம் ஒருமுறை சிங்கப்பூர் போனபோது, முன்னிருக்கையின் முதுகிலிருந்த திரையில் தரைவேகத்தைக் குறித்துக்கொண்டே போனேன். சென்னைக் கடற்கரை மறைந்து விமானம் சமநிலைக்கு வந்த பிறகும் எண் 780-ஐ ஒட்டியே நின்றது. உணவுத் தட்டு வந்தது, காலித் தட்டு போனது, எண் அசையவில்லை. மலாக்கா நீரிணையை நெருங்கிய பிறகுதான் மெல்ல மெல்ல ஏறியது. டிசம்பரில் அதே வகை விமானத்தில் 830-ஐப் பார்த்திருக்கிறேன். 3,010 கி.மீ.யை 780-ஆல் வகுத்துப் பாருங்கள்: 3 மணி 52 நிமிடம். காற்று மட்டுமே கால் மணி நேரத்தை விழுங்கிவிட்டது.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்றோட்டம் வீசுகிறது. கீழே தென்மேற்கிலிருந்து மழைக்காற்று, மேலே அதற்கு நேர் எதிர்த் திசையில் இது. இந்த வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்றோட்டத்தை 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இந்திய வானிலை அறிவியலாளர் பி. கோட்டீஸ்வரம். விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலேதான் அதன் உச்சவேகம் இருக்கிறது. ஆனாலும் அதன் கீழ் விளிம்பே கிழக்கு நோக்கிப் போகும் நம்மை இழுத்துப் பிடிக்கப் போதுமானது. திரும்பி வரும்போது அதே காற்று உதவிக்கு வரும்.

வடக்கே போனால் காற்று மேற்கிலிருந்து கிழக்கு. அதனால் சென்னையிலிருந்து லண்டன் போக ஆகும் நேரத்தைவிட அங்கிருந்து வர ஆகும் நேரம் குறைவு. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பயணிகள் விமானம் 5 மணி நேரத்துக்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா, டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கம் விடாமல் பசிபிக் பக்கம் திருப்பியது. தூரம் 1,400 கி.மீ. கூடி 15,300 ஆனது. ஆனால் பின்காற்றின் தயவில் பதினான்கரை மணி நேரத்தில், முன்பைவிட விரைவாகவே போய்ச் சேர்ந்தது. தொலைவை வேகத்தால் வகுத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

கணக்கில் இதை எப்படிச் சேர்ப்பது? நம் சிங்கப்பூர்த் தடத்துக்கு, கூடவோ குறையவோ 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். கிழக்கு–மேற்காக நெடுந்தொலைவு போகும் பயணங்களுக்கு ஒரு மணி நேரம் வரை வேறுபடும்.

படி 8: டிக்கெட்டில் இருக்கும் நேரம்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் என்று போட்டிருப்பது சக்கரங்கள் தரையை விட்டு எழும் நேரம் அல்ல. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம். சேரும் நேரமும் அப்படியே, மறுமுனையில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் நேரம். இதைத் துறையில் பிளாக் நேரம் என்பார்கள். புறப்படும் இடத்தில் 15, சேருமிடத்தில் 10 என 25 நிமிடம் சேர்த்தால், நம் 3 மணி 55 நிமிடம் 4 மணி 20 நிமிடம் ஆகிவிடும். நிறுவனங்கள் தாமதத்துக்கு இடம் விட்டுச் சற்றுக் கூடுதலாகவும் போடுவது உண்டு. அதனால்தான் பல விமானங்கள் தாமதமாகக் கிளம்பியும் நேரத்துக்குச் சேர்கின்றன.

உங்கள் விடை டிக்கெட்டிலுள்ள பயண நேரத்தோடு பத்து, இருபது நிமிட வித்தியாசத்துக்குள் பொருந்தினால் கணக்கு சரி. ஒரு மணி நேரத்துக்கு மேல் வேறுபட்டால் நடுவில் ஒரு நிறுத்தம் இருக்கலாம், அல்லது பாதை சுற்றிப் போகலாம். பணம் கட்டும் முன் அதை விசாரியுங்கள்.

படி 9: கடிகாரமும் தேதியும்

டிக்கெட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சென்னையில் 23:15-க்குப் புறப்பட்டு மறுநாள் 06:05-க்குச் சேரும் என்று இருந்தால், இடைவெளி 6 மணி 50 நிமிடம். அதில் 2 மணி 30 நிமிடத்தைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம். அங்கிருந்து 20:20-க்குப் புறப்பட்டு இங்கே 22:10-க்கு இறங்கினால், ஒரு மணி 50 நிமிடத்தோடு இரண்டரையைக் கூட்ட வேண்டும். கிழக்கே போனால் கழிக்க வேண்டும், மேற்கே வந்தால் கூட்ட வேண்டும்.

சூரியனை வைத்துப் பார்த்தால் இந்த இடைவெளி இரண்டரை மணி நேரம் இருக்கக் கூடாது. பதினைந்து டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்பதால் 23.82 டிகிரிக்கு 1 மணி 35 நிமிடம்தான் வர வேண்டும். சிங்கப்பூர் தன் இருப்பிடத்துக்கு உரியதைவிட முன்னதான நேரத்தைப் பின்பற்றுகிறது. அங்கே காலை ஏழு மணிக்குத்தான் பொழுது விடிவது அதனால்தான். இலங்கைக்கும் நமக்கும் நேரம் ஒன்றே. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் பின்னால்; மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும் நாள்கள்.

தேதியைப் பற்றி அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. என் பெரியம்மா, மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போகவிருந்தார். டிக்கெட்டில் 14ஆம் தேதி 00:40 என்று இருந்தது. வீட்டில் எல்லோரும் 14ஆம் தேதி இரவு என்றே எடுத்துக்கொண்டார்கள். 14ஆம் தேதி காலையில் பிரசவ மருந்துப் பொடியும் பழைய பருத்திப் புடைவைகளும் கட்டி வைத்த பெட்டியோடு கும்பகோணத்திலிருந்து கார் கிளம்பியபோது, அவர் ஏற வேண்டிய விமானம் சிங்கப்பூரில் இறங்கிச் சில மணி நேரம் ஆகியிருந்தது. மறு டிக்கெட் கிடைத்தது இரண்டு நாள் கழித்து. குழந்தை அதற்குள் பிறந்துவிட்டது. டிக்கெட்டில் பிழை எதுவும் இல்லை. நள்ளிரவு 12 மணி தாண்டியதும் தேதி மாறிவிடும் என்பதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை, அவ்வளவுதான்.

00:00 முதல் 03:00 வரையிலான எந்த விமானமாக இருந்தாலும், முந்தைய நாள் மாலையே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பெரியவர்களுக்கு டிக்கெட்டை மட்டும் அனுப்பி விட்டுவிடாதீர்கள்.

படி 10: வீட்டிலிருந்து வீட்டுக்கு

சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பெட்டிகளை ஒப்படைக்கும் கவுன்ட்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். சாங்கியில் குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுப்பது இரண்டுக்கும் ஒரு மணி நேரம். அங்கிருந்து தீவின் மறுகோடியில் உள்ள ஜூரோங்குக்கு முக்கால் மணி நேரம்.

கும்பகோணத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்குக் காரில் ஏழு மணி நேரம் வைத்துக்கொண்டால், ஏழு, மூன்று, 4 மணி 20 நிமிடம், ஒன்றே முக்கால்: மொத்தம் பதினாறு மணி நேரத்துக்கு மேல். இப்போது திருச்சியைப் பாருங்கள். திருச்சி–சாங்கி தொலைவு 2,981 கி.மீ.; சென்னையைவிட 56 கி.மீ. அதிகம். வானில் நான்கைந்து நிமிடம் கூடும். ஆனால் கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் இரண்டரை மணி நேரம்தான். மொத்தம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்களுக்கு இன்னும் மிச்சம். டிக்கெட் சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் கார் வாடகையைக் கணக்கிட்டால் திருச்சியே மலிவாக முடியலாம்.

இணைப்பு விமானம் எடுப்பவர்களுக்கு ஒன்று. இரண்டு பயணங்களும் ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் அந்தச் சுமை உங்களுடையது. பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கவும் வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட பயணத்தில் நான்கு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியை நான் யாருக்கும் எடுத்துத் தருவதில்லை.

பெரியம்மா இப்போது திருச்சி வழியாகத்தான் பேத்தியைப் பார்க்கப் போகிறார். டிக்கெட்டோடு நான் அவருக்கு அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்: "13ஆம் தேதி இரவு ஏழு மணிக்கு வீட்டிலிருந்து கார் கிளம்ப வேண்டும். ஒன்பதரைக்கு விமான நிலையத்துக்குள் இருக்க வேண்டும். விமானம் நள்ளிரவு தாண்டி 12:40-க்கு. அங்கே இறங்கும்போது நம் ஊர் நேரம் விடிகாலை ஐந்தேகால் ஆகும், அவர்கள் நேரம் ஏழே முக்கால். இன்சுலின் போடும் நேரத்தை நம் ஊர் நேரப்படி வைத்துக்கொள்வதா, அவர்கள் நேரத்துக்கு மாற்றுவதா என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்."